மரியாதை தெரிந்த மெஷின்

1969 ஜூலையில் எங்கள் கம்பெனி நான்கு இளைஞர்களைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் கண்ணால் பார்த்திராத ஒரு மெஷினுக்கு உத்தரவு போடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது. நால்வரில் நானும் ஒருவன். மெஷின் அப்போது நடுக்கடலில் இருந்தது. பம்பாயிலிருந்து கோவாவுக்குப் பயணிக் கப்பல் விடும் கம்பெனி எங்களுடையது. தன் மெஷின் வேறொரு கம்பெனியின் கப்பலில் வருகிறதே என்று ஜெனரல் மேனேஜருக்குக் கொஞ்சம் மனக்கசப்பு. வேறு கசப்பு எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மற்றதையெல்லாம் எங்களுக்கு விட்டுவிட்டார்.

அதுவரை நடந்த முறை இது. மாட்டுங்கா, செம்பூர், பாவுச்சா தக்கா படகுத்துறை என்று மூன்று இடங்களில் டிக்கெட் விற்போம். விற்ற சீட்டுகள் சாயந்திரம் மாட்டுங்கா ஆபீசுக்கு வரும். அங்கே கீழ்த்தளத்தில் பஞ்ச் ரூம். ஆறு பெண்கள் அந்தச் சீட்டுகளைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஓட்டை போட்ட அட்டைகளைப் பழைய மெஷின் மறுநாள் எண்ணிப் பார்த்து, ஒரே படுக்கையை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் விற்றுவிட்டோம் என்று கண்டுபிடித்துச் சொல்லும். அதற்குள் கப்பல் ரத்தினகிரியைத் தாண்டியிருக்கும். அந்தப் படுக்கைக்குச் சொந்தக்காரர்களான இரண்டு குடும்பங்களும் அதே விஷயத்தை மெஷினுக்கு முன்பே கண்டுபிடித்து, ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்திருப்பார்கள்.

புது மெஷினுக்கு இந்தத் தாமதம் கிடையாது. மூன்று இடங்களிலும் டைப்ரைட்டர் மாதிரி ஒரு கருவி இருக்கும். அதற்குப் பெயர் டெர்மினல். கிளார்க் தட்டினால் டெலிபோன் கம்பி வழியாக பல்லார்ட் எஸ்டேட்டில் இருக்கும் பெரிய மெஷினுக்குப் போய், அந்த நிமிஷமே பதில் வரும். இதற்கு ஆன்லைன் என்று பெயர். அந்தப் பதிலை மெஷின் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் எங்கள் வேலை. பயிற்சி முடிந்ததும் இரண்டு பேருக்கு புரோகிராமர் பதவி. மற்ற இருவருக்குக் கைகுலுக்கல்.

பயிற்சி கொடுத்தவர் பிரம்மநாயகம் சார். இருபத்திரண்டு வருஷம் தலைமை புக்கிங் கிளார்க். மெஷினோடு வந்திருக்க வேண்டிய புத்தகம் மட்டும் விமானத்தில் முன்னால் வந்துவிட்டது. அதை அவர் பீரோவில் வைத்துப் பூட்டி, தினமும் ஒரு அத்தியாயம் எடுத்து வாசிப்பார். நாங்கள் எழுதிக்கொள்வோம். புத்தகத்தைத் தொட யாருக்கும் அனுமதியில்லை. நாலாவது நாள் நான் கேட்டேன்.

"சார், ஒரு தடவ நாங்களே வாசிச்சுப் பாக்கலாமா?"

"எதுக்குவே? நான் வாசிக்கது காதுல விழலியா?"

"விழுது சார். படம் இருக்குன்னு சொன்னீங்க. படத்த எப்படிக் காதால பாக்கது?"

"வெயிலுமுத்து, நீரு தாராவியிலேருந்து வாறீரு. அங்க உள்ள குசும்ப அங்கயே வச்சிட்டு வாரும்."

நான் தாராவியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தேன். தினமும் மழையில், சயான் ஸ்டேஷன் வரைக்கும் முழங்கால் தண்ணீரில். குசும்பைக் கழற்றி வைக்க வழியில் உலர்ந்த இடம் எதுவும் இல்லை.

மெஷின் இல்லாததால் பயிற்சியை மனிதர்களை வைத்தே நடத்தினார். அறையின் நடுவில் மேஜை போட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். அவர் பெரிய மெஷின். மூன்று மூலையில் மூன்று பேர் டெர்மினல். நான் பாவுச்சா தக்கா. கணேசபாண்டியன் என்ற முத்துமுத்தாக எழுதக்கூடிய பையன் செம்பூர். நான்காவது ஆள் பயணி. கம்பிக்கு எங்கே போவது? பியூன் காசிம் பாய்தான் கம்பி. நாங்கள் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுப்போம். அவர் நடந்துபோய் மெஷினிடம் கொடுத்துப் பதில் வாங்கி வருவார். ஐம்பது வயது, இடது காலில் வாதம். சில சமயம் பாதிக் கேள்வியோடு கம்பி ஜன்னல் பக்கம் நின்றுவிடும்.

"கம்பி என்ன ஆச்சு?" என்பார் சார்.

"லைன் பீடி குடிக்குது சாப்" என்பார் காசிம் பாய். "தோ மினிட்."

இந்த அறையின் பின்வரிசையில் சவரியம்மாள் இருப்பாள். பஞ்ச் ரூமின் ஆறு பேரில் ஒருத்தி, செம்பூர்க்காரி, என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஆகவே எனக்கு அக்கா. புரோகிராமை நாங்கள் தாளில் எழுத, அதை அட்டையில் அடித்துக் கொண்டுவருவது அவள் வேலை. தாள் வரும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் கேட்கலாம், கேள்வி கேட்கக் கூடாது. அப்படி ஒரு விதி எழுதி வைக்கப்பட்டிருந்ததா என்று தேடிப் பார்த்தேன். எழுதப்படவில்லை. எழுதாத விதியைத்தான் யாரும் மீறவில்லை.

அவளுக்கு இன்னொரு விஷயமும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மட்டும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. டெர்மினல் வந்துவிட்டால் டிக்கெட் சீட்டை அட்டையில் அடிக்க வேண்டியதில்லை. பஞ்ச் ரூம் தேவையில்லை. செப்டம்பர் முப்பதோடு அந்த அறைக்குப் பூட்டு. ஆக, தன்னை வீட்டுக்கு அனுப்பப்போகும் புரோகிராமைத் தன் விரலாலேயே அட்டை அட்டையாக அவள் அடித்துக்கொண்டிருந்தாள். தப்பில்லாமல் வேறு அடித்தாள். நானாக இருந்தால் நாலு அட்டையையாவது தலைகீழாக வைத்திருப்பேன்.

ஒருநாள் மத்தியானம் டப்பா திறக்கும் நேரத்தில் அவளிடமே கேட்டேன். "பஞ்ச் ரூம் மூடின பெறவு என்னக்கா செய்வே?"

"புரோகிராமர் ஆவேன்" என்றாள், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே.

நான் சிரித்தேன். சிரித்தது எனக்கே கேட்டது. அவள் சிரிக்கவில்லை.

"எட்டு மாசமா வேற வேல தேடுதேன். எங்க போனாலும் கல்யாணம் ஆச்சான்னு கேக்கான், பெறவு டைப் ஸ்பீடு கேக்கான். இங்க ரெண்டு எடம் இருக்கு. அதுல ஒண்ணு எனக்கு வேணும். இல்லேன்னா அய்யாவோட உப்புக்கண்டக் கடையிலதான் இருக்கணும். இதுல சிரிக்க என்ன இருக்கு, சொல்லு."

அந்த இரண்டில் ஒன்று எனக்கும் வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லியிருக்கலாம். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டேன்.

பிரம்மநாயகம் சாரிடம் ஒரு பழக்கம் உண்டு. புக்கிங் கவுண்டரில் இருந்த காலத்திலிருந்தே வந்தது. பயணி ஒருவர் வந்து நின்றால், ரிஜிஸ்டரில் அந்தக் கப்பலின் பக்கத்தைத் திறந்து இடது கையை அதன்மேல் வைப்பார். மேல்தளமா கீழ்த்தளமா, ஒன்றா இரண்டா என்று கேட்பார். பயணி யோசித்து முடிக்கும்வரை கையை எடுக்கமாட்டார். வேறு யாரும் அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது. இதனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கவுண்டரில் ஒரு படுக்கை இரண்டு முறை விற்றதே இல்லை. உண்மை. அவர் கவுண்டரில் ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்கு மேல் டிக்கெட் வாங்கியதும் இல்லை.

மெஷினாக உட்கார்ந்தபோதும் கை அங்கேயே இருந்தது.

பயணியாக நடித்தவன் செம்பூர் மூலையில் போய், "சம்சாரத்தக் கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றான். கணேசபாண்டியன் அதைச் சீட்டில் எழுதினான். கம்பி நொண்டிக்கொண்டே போய்க் கொடுத்தது. சார் சீட்டை வாசித்துவிட்டுக் கையை ரிஜிஸ்டர்மேல் வைத்து, கண்ணை மூடி, காத்திருந்தார். சம்சாரம் வரவில்லை. பயணி வேடம் போட்டவன் சம்சாரத்தோடு ஆலோசிப்பதற்காக வெளியே போய் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சார்" என்றேன். "பாவுச்சா தக்காவுல எனக்கு முன்னால நாப்பது பேரு நிக்கான். மழை வேற."

"நிக்கட்டும்."

"அவங்க ஒருத்தருக்கும் செம்பூர்க்காரரு சம்சாரத்துக்கும் சம்பந்தமில்ல சார்."

"வே, ஒருத்தர்ட்ட ஒரு கேள்வி கேட்டாச்சு. பதில் வாங்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அடுத்தவன்ட்ட பேசுதது மரியாதையா? நம்ம கம்பெனி மெஷின் அப்படிச் செய்யாது."

அப்படியே எழுதவும் வைத்தார். கேள்வி கேள். பதில் வரும்வரை நில். வந்ததும் மேலே போ. நால்வரும் எழுதிக்கொண்டோம். கணேசபாண்டியன் கீழே கோடும் போட்டான்.

அன்று சாயந்திரம் சவரியக்கா மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"அஞ்சாவது அத்தியாயம் எங்க?"

"நாலு முடிஞ்சு ஆறு நடத்துனாரு. எனக்கும் இடிச்சுது. அச்சுல விட்டுப்போச்சோ என்னமோன்னு இருந்துட்டேன்."

"விட்டுப்போகல. ஹெட் ஆபீசுக்கு காப்பி வேணும்னு புத்தகம் பூரா என்கிட்டத்தான் டைப்படிக்கக் கொடுத்தாரு. அஞ்சுல என்ன போட்டிருக்கு தெரியுமா? பதிலுக்காக மெஷின் ஒரு கணங்கூட நிக்கக் கூடாதுன்னு. நின்னா எல்லா டெர்மினலும் நிக்கும்னு. அதத்தான் நம்ம ஊருக்குப் பொருந்தாதுன்னு அவரு தள்ளிட்டாரு."

எனக்கு வந்த கோபத்தில் மூன்று படி ஏறி இரண்டு படி இறங்கினேன். புத்தகத்தைப் பூட்டி வைத்தது ஒரு அக்கிரமம். பூட்டிய புத்தகத்தில் பக்கங்களைத் தாண்டியது இரண்டாவது அக்கிரமம். அவர் சொன்ன மரியாதையின் கீழே நாங்கள் கோடு போட்டது மூன்றாவது.

"நிக்காம எப்படி? கேள்வி கேட்டுட்டு நிக்காம போனா, பதில் வாறப்ப யாரு என்ன கேட்டான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க சாளு வீடுகளுக்குப் பொதுக்குழாயில தண்ணி எத்தன மணிக்கு வரும்?"

"காலையில அஞ்சரை."

"நீ போய் நிக்கியா?"

"எதுக்கு? குடத்த வச்சிட்டு வந்திருவோம். மொறை வாறப்ப போவோம்."

"குடம் மாறிப் போகாதா?"

"எங்க குடத்துல கழுத்துகிட்ட நசுங்கியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி செவப்புத் துணி கட்டியிருப்பா. அதெப்படி மாறும்?"

"அதத்தான் மெஷினும் செய்யணும்" என்றாள். "செம்பூர்க்காரரு ரெண்டு படுக்கை கேட்டாரு, தளம் இன்னும் சொல்லலன்னு ஒரு சீட்டுல குறிச்சு, செம்பூருன்னு அடையாளம் போட்டு ஓரமா வச்சிட்டு, நீ போயிரு. அடுத்தவனப் பாரு. செம்பூருலேருந்து பதில் வந்தா அந்தச் சீட்ட எடுத்து விட்ட எடத்துலேருந்து ஆரம்பி. அவருக்காகப் படுக்கையையும் பிடிச்சு வைக்காத. திரும்பி வாறப்ப இருக்கான்னு மறுபடி பாரு. இருந்தா கொடு. இல்லன்னா இல்லன்னு சொல்லு."

குழாயடியில் பிறந்து வளர்ந்த எனக்கு, பத்து நிமிஷம் கழித்துத்தான் முழுவதும் ஏறியது. பி.எஸ்.சி. கணக்குப் படித்திருந்ததால் கொஞ்சம் தாமதம்.

அடுத்த ஐந்து வாரத்தில் அவள் அந்தப் புரோகிராமை எழுதினாள். மத்தியானம் அரைமணி நேரம், ரயிலில் குர்லாவரை கொஞ்சம். நாங்கள் அடித்துத் திருத்திக் கசக்கிப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதினாள். புதுத் தாள் எடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு அட்டை வந்தது. நான் சரிபார்க்கிறேன் என்று வாங்கி இரண்டு இரவு பார்த்து ஒரு தப்புக் கண்டுபிடித்தேன். அது தப்பில்லை என்று அவள் விளக்கியபோது மறுபடியும் எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தடவை யார் மேல் என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

பயிற்சி முடிவில் வரும் பரீட்சைக்கு உட்காரத் தன்னையும் சேர்க்கச் சொல்லி பிரம்மநாயகம் சாரிடம் கேட்டாள். சார் மோசமான மனிதர் இல்லை. அவளை உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார்.

"இதப் பாரும்மா. பேரு. அப்பா பேரு. வயசு. நாலாவது காலம், பட்டம். நீ எஸ்.எஸ்.எல்.சி. இந்தக் கட்டத்துல நான் என்ன எழுதட்டும்?"

"ஒண்ணும் எழுதாண்டாம் சார். சும்மா விட்டிருங்க."

"காலியா விட்ட படிவத்துல நான் இன்னைக்கு வரைக்கும் கையெழுத்துப் போட்டதில்லம்மா."

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி பரீட்சை. மழைக்காலம் முடிந்து கப்பல்கள் மறுபடி கிளம்பும் நேரம். பல்லார்ட் எஸ்டேட்டில் குளிரூட்டிய அறையில் மெஷின் வந்து உட்கார்ந்திருந்தது. வெளியே நாங்கள் வேர்த்தோம். நான்கு புரோகிராமையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது, மூன்று கிளைகளிலும் கிளார்க்குகள் நிஜமாக டிக்கெட் கொடுப்பதுபோல் தட்டுவது, ஜெனரல் மேனேஜர் இங்கே ஒரு டெர்மினலில் தானே உட்கார்ந்து தன் மருமகனுக்கு ஒரு படுக்கை கேட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு.

முந்தின நாள் அக்கா அட்டைக் கட்டை என்னிடம் கொடுத்தாள். "உன் கட்டுக்குப் பதிலா இதப் போடு. ஓடுதான்னு பாத்துச் சொல்லு."

"ஓடினா யாரு எழுதினதுன்னு அங்கயே சொல்லிருவேன்."

"சொல்லு. ஓடினதுக்கு அப்புறம் சொல்லு."

முதலில் கணேசபாண்டியனின் புரோகிராம். மாட்டுங்கா நன்றாகப் பேசியது. பாவுச்சா தக்கா பேசியது. செம்பூர் கிளையில் சிங்கராயர் என்ற கிளார்க். அவரிடம் மெஷின், மேல்தளமா கீழ்த்தளமா என்று கேட்டது. அந்த நேரம் பார்த்து சிங்கராயர் எழுந்து வடாபாவ் வாங்கப் போய்விட்டார். மெஷின் மரியாதையாகக் காத்திருந்தது.

ஜெனரல் மேனேஜர் தன் மருமகனின் பெயரைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். விரலை எடுத்து, ஊதி, மறுபடி தட்டினார்.

"க்யா ஹுவா?" என்றார், என்ன ஆச்சு என்று.

"மெஷின் செம்பூரை வெயிட் பண்ணுது சார்" என்றார் பிரம்மநாயகம் சார், ஒரு பெருமையோடு.

"செம்பூர்மே க்யா ஹோ ரஹா ஹை?" செம்பூரில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

டெலிபோன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினோரு நிமிஷம் பம்பாயின் கப்பல் போக்குவரத்து முழுவதும் ஒரு வடாபாவுக்காக நின்றது. சிங்கராயர் திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு 'மேல்' என்று தட்டிய பிறகுதான் ஜெனரல் மேனேஜரின் மருமகனுக்குக் கதி கிடைத்தது. அதற்குள் ஜெனரல் மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த இரண்டு பேருடையதும் அதே கதை. எல்லோரும் ஒரே மரியாதையைத்தான் எழுதியிருந்தோம்.

நான்காவதாக அக்காவின் கட்டு. செம்பூரில் இந்தத் தடவை சிங்கராயர் எழுந்திருக்கவில்லை. நானே வெளியே போய் அவருக்கு டெலிபோன் செய்து, "அண்ணாச்சி, கேள்வி வந்ததும் எழுந்து போங்க, தயவுசெஞ்சு போங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. போனார். மாட்டுங்கா ஓடியது. பாவுச்சா தக்கா ஓடியது. மருமகனுக்கு நாலு செகண்டில் கீழ்த்தளம் ஏழாம் நம்பர் படுக்கை கிடைத்தது. சிங்கராயர் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் கேட்ட படுக்கை இடையில் விற்றுப்போயிருந்தது. இல்லை என்று மெஷின் நேராகச் சொன்னது.

ஜெனரல் மேனேஜர் என் தோளில் தட்டினார். நான் இங்கிலீஷில் சொன்னேன், உரக்கவே சொன்னேன்: இதை எழுதியது நான் இல்லை, சவரியம்மாள்.

"கோன் ஹை வோ?" என்றார், யார் அது என்று.

"பஞ்ச் ஆபரேட்டர் சார்" என்றார் பிரம்மநாயகம் சார். "அட்டை அடிச்ச பொண்ணு."

"ஓ! வெரி குட் டைப்பிங்" என்றார் ஜெனரல் மேனேஜர். நல்ல டைப்பிங்குக்காக அவளுக்கு ஒரு பெட்டி பேடா கொடுக்கச் சொல்லிவிட்டு சாப்பிடப் போனார்.

பேடா பெட்டியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் திறக்கவில்லை. பஞ்ச் ரூமின் மற்ற ஐந்து பேரும் தின்றார்கள்.

நான்கு நாளில் பலகையில் இரண்டு காகிதம் மாட்டினார்கள். ஒன்றில் புரோகிராமர்கள்: வெயிலுமுத்து, கணேசபாண்டியன். கணேசபாண்டியனுக்கு எப்படி என்றால், கையெழுத்துக்கு. மற்றதில் முப்பதாம் தேதியோடு விடுவிக்கப்படும் ஆறு பெண்களின் பெயர். இரண்டையும் ஒரே குண்டூசியால் குத்தியிருந்தார்கள்.

நான் நேரே சாரிடம் போனேன்.

"சார், அது அவ எழுதினது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்வே."

"தெரிஞ்சுமா?"

"எல்லாருக்குந்தான் தெரியும். படிவத்துக்குத் தெரியணும்லா? நான் அஞ்சாவது அத்தியாயத்தத் தள்ளினது தப்புத்தான். ஒத்துக்கிடுதேன். அதுக்காக நாலாவது காலத்தயும் தள்ளணும்னா எப்படி?"

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன். புரோகிராம் என்னுடையது அல்ல, பதவி எனக்கு வேண்டாம், இந்தக் கம்பெனி இன்னின்ன அக்கிரமம் செய்கிறது என்று ஆறு பக்கம். அனுப்புவதற்கு முன் அக்காவிடம் காட்டினேன். அவள் முழுவதும் வாசித்துவிட்டு நாலாக மடித்து என் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"நீ போனா அந்த எடம் எனக்கா வரும்? இன்னொரு பட்டதாரிக்குப் போவும். உங்க அய்யா தோல்கெடங்குல மூணு விரல உப்புல அரிக்க விட்டுட்டு உன்னப் படிக்க வச்சிருக்காரு. பேசாம இரு."

"அப்ப உனக்கு?"

"யோசிக்கேன்."

முப்பதாம் தேதி ஆறு பெண்களும் போனார்கள். பஞ்ச் ரூமுக்குக் காசிம் பாய் பூட்டுப் போட்டார். பஞ்ச் மெஷின் ஆறில் ஐந்தை வாடகைக்கு விட்டவர்களே எடுத்துப்போனார்கள்.

அக்டோபர் ஏழாம் தேதி ஜெனரல் மேனேஜர் ஒரு மாற்றம் கேட்டார். தீபாவளிக் கூட்டம் வருகிறது. குடும்பமாகக் கேட்டால் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையாகக் கொடுக்க வேண்டும். புரோகிராமர்களான நானும் கணேசபாண்டியனும் இரண்டு நாள் எழுதினோம். அவன் அழகாகப் படியெடுத்தான். காசிம் பாயைக் கூப்பிட்டு, "பஞ்ச் ரூம்ல கொடுங்க பாய்" என்றேன்.

போனவர் அதே தாளோடு திரும்பி வந்தார்.

"பூட்டிருக்கு" என்றார்.

"திறங்க."

"திறந்து பார்த்தேன் பேட்டா. உள்ள ஆள் யாரு இருக்கா?"

அப்போதுதான் அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பட்டதாரிகளுக்கும் ஒரு விஷயம் விளங்கியது. டிக்கெட்டுக்குத்தான் அட்டை வேண்டாம். மெஷினுக்கு நாங்கள் எழுதும் உத்தரவு ஒவ்வொன்றும் அட்டையில் அடித்துத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு வரியும் ஒரு அட்டை. இதை எட்டு வாரம் எங்கள் கண்ணெதிரே ஒருத்தி தட்டில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மிஞ்சியிருந்த ஒரு பஞ்ச் மெஷினில் நானும் கணேசபாண்டியனும் மாறி மாறி ஒற்றை விரலால் குத்தினோம். நாற்பது அட்டைக்கு ஒரு பகல். அதில் ஒன்பது தப்பு. தப்பைத் திருத்தி எல்லாவற்றையும் மெஷினில் போட்டபோது செம்பூரில் மூன்று குடும்பங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் ஒரே படுக்கை கிடைத்தது. எங்கள் மாற்றமே தப்பு. அவளுடைய புரோகிராமில் எதைத் தொட்டால் எது அசையும் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது அதையே சொன்னேன். தெரியாது சார். கணேசபாண்டியன் கொஞ்சம் யோசித்து, தெரியாது சார் என்றான். அவனை எனக்கு முதல்முறையாகப் பிடித்தது.

மறுநாள் பிரம்மநாயகம் சார் என்னை அழைத்துக்கொண்டு செம்பூர் போனார். கையில் ஒரு ஃபைல். உப்புக்கண்டக் கடை ஸ்டேஷனைத் தாண்டி, சந்துக்குள். அக்கா தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து நெத்திலிக் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தாள். சார் மூக்கை மூடாமல் இருக்க முயற்சி செய்தார். அதையும் சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார். எத்தன கிலோ?"

"வெளையாடாதம்மா. டெம்பரரியா மூணு மாசம் வந்து அடிச்சுக் கொடு. ஆர்டர் கையோட கொண்டாந்திருக்கேன்."

"என்னன்னு போட்டிருக்கு?"

"பஞ்ச் ஆபரேட்டர்."

அவள் நெத்திலியைக் காகிதத்தில் கொட்டி மடித்து ஒரு கிழவருக்குக் கொடுத்தாள். பிறகு கையைத் துடைத்தாள்.

"அடிக்கதுக்கு நான் வரல சார். எழுதுறதுக்கு வாறேன். அடிக்கதுக்கு மத்த அஞ்சு பேரையும் கூப்பிடுங்க."

"எழுதுறதுக்குன்னா..."

"புரோகிராமர்."

"நாலாவது காலம் இருக்கேம்மா."

"படிவம் கொண்டாந்திருக்கீங்களா?"

சார் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். ஃபைலைத் திறந்தார். கொண்டுவந்திருந்தார்! இரண்டு விதப் படிவமும் அதில் இருந்தது. அந்த மனிதர் ரயிலில் வரும்போதே எதற்கும் தயாராக வந்திருக்கிறார், வாயால் மட்டும் வரவில்லை.

"சிவப்பு மை இருக்கா சார்?" என்றாள்.

"இருக்கு. ஸ்கேல் இல்ல. ஸ்கேல் இல்லாம நான் கோடு போடமாட்டேன்."

அவள் பின்னால் ஆணியில் தொங்கிய பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். சார் கடைப் பலகையில் படிவத்தை விரித்தார். கார்டின் ஓரத்தை வைத்து, 'பட்டம்' என்ற சொல்லின் மேல் நேராக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து, தேதியும் போட்டார். நெற்றியில் வேர்த்திருந்தது. சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

"அஞ்சு பேரு சார்" என்றாள்.

"அதுக்கு என்கிட்ட அதிகாரம் இல்லம்மா. ரெண்டு பேருக்குக் கேட்டுப் பாக்கேன். டெம்பரரி."

"மத்த மூணு பேரு?"

சார் பேனாவை மூடினார். அக்கா இன்னும் படிவத்தைக் கையில் எடுக்கவில்லை. நான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்: வாங்காதே, ஐந்து பேருக்கும் கேள், எழுந்து நின்று கேள். மாதச் சம்பளத்தோடு கோபப்படுகிறவனுக்குக் வெளியே கத்த என்ன உரிமை?

அவள் படிவத்தை எடுத்து, பெயரை எழுதினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மாடிக்கு வந்தாள். புரோகிராமர் அறையில் இரண்டு நாற்காலி, இரண்டு புரோகிராமர்கள் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது நாற்காலிக்கு எழுதிப் போட்டிருக்கிறது, அனுமதி வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார் சார். அக்கா வாசலில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். நான் கையிலிருந்த தாளை நீட்டினேன், இத்தனை மாதப் பழக்கத்தில், அடித்துக் கொண்டுவரச் சொல்லி. நீட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. கையை இழுத்துக்கொள்ளவும் நேரமில்லை.

அவள் தாளை வாங்கி, நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தாள்.

"மூணாவது வரியே தப்பு" என்றாள். "எழுந்திரு."

எழுந்தேன். அவள் உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, என் தாளைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

"அக்கா, புதுத் தாள் இருக்கு" என்றேன்.

"எடு" என்றாள், தலை நிமிராமல்.